ராஜூவின் மாடும் சருகுமானின் வாயும்

"மாமா, ராஜூக்கு மட்டும் ஏன் மாடு?"

கேட்டவன் அக்கா மகன். வயது ஏழு. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் 'உப்பின் இப்பின்' ஓடிக்கொண்டிருந்தது. நான் தோசையைப் பிட்டுக்கொண்டே, "அவன் மாடு வளர்க்கிறான்டா, அவ்ளோதான்" என்றேன்.

"மெய் மெய்க்கு மாடு இல்ல. எஹ்சானுக்கு மாடு இல்ல. மாயிலுக்கும் இல்ல. ராஜூக்கு மட்டும் ஏன்?"

அக்காதான் அடுப்படியிலிருந்து விஷயத்தைச் சொன்னாள். கீழே திடலில் பந்து விளையாடும் பிள்ளைகள் இவனுக்கு ராஜூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவன் காலுக்குப் பந்து வந்தால் யாராவது ஒருவன் மாடு மாதிரி கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். இவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மேலே வந்து மைலோ வேண்டாம், சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வானாம்.

"கூட்டாளிங்க விளையாட்டுக்குக் கத்துறானுங்க. விட்டுத் தள்ளு" என்றேன். பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் பதில்தான். அதைச் சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவன் கேட்டது நல்ல கேள்வி. அந்தக் கம்பத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ்ப் பையனுக்கு மட்டும் ஏன் மாடு? இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். ஏழு வயதுக்கு இது நீளம் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

*

முதலில் கார்ட்டூனில் மிருகம் எதற்கு வருகிறது என்று பார்த்துவிடலாம்.

நாயகனுக்குப் பக்கத்தில் ஒரு மிருகம் நிற்கும். பெரும்பாலும் அளவில் சின்னது. வாய் மட்டும் பெரியது. தன்னால்தான் கதையே நடக்கிறது என்று அதற்கு ஒரு நினைப்பு. 'அலாதீன்' படத்தில் வரும் கிளி இயாகோ, 'ஷ்ரெக்'கில் வரும் கழுதை, 'மடகாஸ்கர்' படத்தில் தன்னை மன்னன் என்று சொல்லிக்கொண்டு ஆடும் லெமூர், எல்லாம் ஒரே குடும்பம். நம் ஊர் 'உப்பின் இப்பின்'இல் தோக் டாலாங் வளர்க்கும் சேவலுக்கு ரெம்போ என்று பெயர். ரேம்போ என்கிற சண்டை நாயகனின் பெயரை ஒரு கம்பத்துச் சேவலுக்கு வைத்தபோதே நகைச்சுவை பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியைச் சேவலின் நடை பார்த்துக்கொள்கிறது.

இந்த மிருகத்துக்கு ஏன் இவ்வளவு பெருமை? காரணம் எளிது. நாயகன் பெருமையடிக்க முடியாது. பெருமையடித்தால் பார்க்கிற பிள்ளைக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் பார்க்கிற பிள்ளைக்குத் தன்னைப் பற்றிப் பெருமையடிக்க ஆசை இருக்கிறது. அந்த ஆசையைச் சுமக்க யாராவது வேண்டும். எனவே அது பக்கத்தில் நிற்கிற சேவலிடமோ கழுதையிடமோ போய்ச் சேர்கிறது. அது அளக்கும், மாட்டிக்கொள்ளும், அடிவாங்கும், அடுத்த காட்சியில் மறுபடியும் அளக்கும். பிள்ளை சிரிக்கும்.

இந்த ஏற்பாடு கார்ட்டூனுக்கு முன்பே மேடையில் இருந்தது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டே ராஜாவைக் கிண்டல் செய்வான். கிளந்தான் வாயாங் கூலிட்டில் ஸ்ரீராமனோடு பாக் டோகோல், வாக் லோங் என்று இரண்டு கோமாளிப் பொம்மைகள் வரும். தோக் டாலாங் என்ற பெயரில் உள்ள 'டாலாங்' என்ற சொல் அந்த நிழற்பொம்மைகளை ஆட்டுபவரைக் குறிப்பது. ஆக ஒரு பொம்மலாட்டக்காரர் வீட்டுச் சேவல்தான் ரெம்போ. சேவலுக்கு வாய் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

*

மருமகனுக்குப் புத்தகம் வாங்கலாம் என்று பிரிக்பீல்ட்ஸ் போனேன். துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடையில் பஞ்சதந்திரக் கதைகள் படத்தோடு கிடைத்தது. இரயிலில் திரும்பும்போது நானே முதல் கதையைப் படித்தேன். சின்ன வயதில் படித்தபோது பிடிபடாத ஒன்று இப்போது பிடிபட்டது.

வணிகன் ஒருவன் நடக்க முடியாத எருதைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறான். சஞ்சீவகன் என்ற அந்த எருது புல் மேய்ந்து தேறி ஒருநாள் உரக்க முக்காரமிடுகிறது. காட்டு ராஜாவான சிங்கம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துவிடுகிறது. இதுவரை கேட்டிராத சத்தம். என்ன மிருகம், எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. அப்போது தமனகன் என்ற நரி முன்னால் வருகிறது. "நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்" என்கிறது. போகிறது. எருதிடம் சிங்கத்தின் ஆளாகப் பேசுகிறது. சிங்கத்திடம் எருதை அறிந்தவனாகப் பேசுகிறது. இரண்டும் நண்பர்களாகிவிட, நரிக்கு வேலை இல்லாமல் போகிறது. பிறகு அதே நரிதான் இரண்டையும் மூட்டிவிட்டு எருதைக் கொல்ல வைக்கிறது.

தமனகனைச் சூழ்ச்சிக்காரன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவன் மொழிபெயர்ப்பாளனாகத் தெரிந்தான். சிங்கத்துக்கு எருதின் மொழி தெரியாது. எருதுக்குச் சிங்கத்தின் அரண்மனை தெரியாது. நடுவில் நிற்பவனுக்கு இரண்டும் தெரியும். சொந்தமாக அவனுக்குப் பல்லும் இல்லை, கொம்பும் இல்லை. பக்கத்தில் நிற்பவரின் பலத்தைக் கடன் வாங்கித்தான் அவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். பக்கத்துணையின் அகந்தை எப்போதுமே கடன் வாங்கிய அகந்தை.

இந்தக் கதை தமிழ் உரைநடையில் 1826-இல் தாண்டவராய முதலியார் கைவண்ணத்தில் சென்னையில் வந்தது. அவர் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தார். அடுத்த ஒன்பதாவது ஆண்டில், 1835-இல், தமிழிலிருந்து மலாய்க்கு ஒரு பஞ்சதந்திரம் வந்தது. 'ஹிக்காயாட் பஞ்சா தண்டேரான்' என்று அதற்குப் பெயர். மலாக்காவில் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு அதை மொழிபெயர்த்தவர் முன்ஷி அப்துல்லா.

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே அப்துல்லாதான். அவருடைய கொள்ளுத்தாத்தா யேமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே கல்யாணம் செய்துகொண்டவர். அப்துல்லா மலாக்காவில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் தமிழ் படிக்க அனுப்பப்பட்டார். அன்றைய மலாக்காவில் வணிகமும் கணக்கும் தமிழில் நடந்தன, வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம். 1811-இல் ராபிள்ஸ் ஜாவா மீது படையெடுக்க மலாக்காவில் தயாராகிக்கொண்டிருந்தபோது அவருடைய எழுத்தர்களில் ஒருவராக இந்தச் சிறுவன் வேலைக்குச் சேர்ந்தான். பிற்காலத்தில் மிஷனரிகளுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் மலாய் சொல்லிக்கொடுத்தார். முன்ஷி என்ற பட்டமே சொல்லிக்கொடுத்ததால் வந்ததுதான்.

1840களில் தன் வாழ்க்கையை எழுதினார். 1849-இல் அது அச்சானது. மலாய் எழுத்தில் அதுவரை ராஜாக்களின் கதைதான் இருந்தது. இங்கே ஓர் எழுத்தர் 'நான்' என்று தொடங்கித் தன் படிப்பு, தன் நோய், தன் கோபம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். மற்றவர்களின் மலாய் சரியில்லை என்கிறார். ராஜாக்களைக் கண்டிக்கிறார். வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அளக்கிறார் என்று அவரைத் திட்டியவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. திட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ராபிள்ஸின் கதையில் அப்துல்லா ஓர் ஓரத்து ஆள். அந்த ஓரத்து ஆள் பேனாவை எடுத்து ராபிள்ஸைத் தன் கதையின் ஓரத்தில் நிறுத்திவிட்டான். தமனகன் கதையை மொழிபெயர்த்தவருக்கு நடுவில் நிற்பவனின் மனம் தெரியாமலா இருந்திருக்கும்?

நம் ஆட்களுக்கு இந்த நடு இடம் புதிது இல்லை. தோட்டத்தில் துரைக்கும் லயத்துக்கும் நடுவில் கிராணி நின்றார். துரையிடம் ஆங்கிலம், தொழிலாளியிடம் தமிழ். துரை இல்லாத நேரத்தில் அவர்தான் துரை. அவருக்கும் கீழே கங்காணி. எங்கள் பாட்டி கிராணி நடப்பதை நடித்துக் காட்டுவாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சைத் தள்ளி, அப்படியே சேவல். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ரெம்போவை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

*

மலாய்க் கதைகளில் இந்த நரியின் இடத்தில் இருப்பது சருகுமான். மலாயில் கஞ்சில், பெலாண்டோக். முயல் அளவுகூட வராத மான். கொம்பு கிடையாது. கால்கள் பென்சில் மாதிரி. காட்டில் இதைத் தின்னாத மிருகம் குறைவு. பாட்டிகளும் பாலர் பள்ளி ஆசிரியர்களும் சொல்லிச் சொல்லி இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாங் கஞ்சிலைத் தெரியும்.

ஆற்றைக் கடக்க வேண்டும். முதலைகள் இருக்கின்றன. சாங் கஞ்சில் கரையில் நின்று, "நபி சுலைமான் உங்களை எண்ணச் சொல்லியிருக்கிறார். வரிசையாக நில்லுங்கள்" என்கிறது. முதலைகள் வரிசை கட்டுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதுகு முதுகாகத் தாவி அக்கரை போய்விடுகிறது. புலி பிடிக்க வந்தால், மரத்தில் தொங்கும் தேன்கூட்டைக் காட்டி, "இது சுலைமான் ராஜாவின் கோங், நான்தான் காவல்" என்கிறது. சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பைக் காட்டி, "இது ராஜாவின் இடைக்கச்சை" என்கிறது. புலிக்கு ஆசை. அடித்துப் பார்க்கிறது, கட்டிப் பார்க்கிறது. அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும்.

கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அது ராஜா பெயரைச் சொல்கிறது. ராஜா கதையில் வருவதே இல்லை. இல்லாத ராஜாவுக்குத் தன்னைத்தானே கையாளாக நியமித்துக்கொண்ட மிருகம் அது. பழைய மலாய் ஏடுகளில் வரும் 'ஹிக்காயாட் பெலாண்டோக் ஜெனாகா'வில் இன்னும் ஒரு படி மேலே போய்க் காட்டுக்கே தலைவன் என்ற தோரணையில் தனக்குப் பட்டம் சூட்டிக்கொள்கிறது.

தமனகனின் பெருமையும் சாங் கஞ்சிலின் பெருமையும் ஒன்றல்ல. தமனகன் பதவிக்காக அளக்கிறான். சருகுமான் உயிருக்காக அளக்கிறது. அதன் வாய் ஒரு நொடி மூடினால் புலியின் வாய் திறந்துவிடும். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் அது எவ்வளவு பொய் சொன்னாலும் அவர்களுக்கு அதன்மேல் கோபம் வருவதில்லை.

நாடே இந்த மிருகத்தின்மேல் தன் பெருமையை ஏற்றி வைத்திருக்கிறது. பரமேஸ்வரா வேட்டைக்கு வந்த இடத்தில் ஒரு சருகுமான் வேட்டை நாயை எட்டி உதைத்து ஆற்றில் தள்ளியதாம். இதைப் பார்த்துத்தான் அவர் மலாக்காவை நிறுவினார் என்று கதை. மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் இன்றும் நிற்கின்றன. 1994-இல் பெரோடுவா தன் முதல் சின்னக் காடியை வெளியிட்டபோது கஞ்சில் என்றே பெயர் வைத்தது. 660 சிசி. அப்பா, அம்மா, நான், அக்கா, பாட்டி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எல்லாம் அதில்தான் பத்துமலைக்குப் போயிற்று. நெடுஞ்சாலையில் பெரிய காடிகளை முந்தும்போது அப்பா முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், சாங் கஞ்சில் முதலை முதுகில் நிற்கும் களை.

*

இந்தச் சருகுமானை முதன்முதலில் அசைய வைத்தவர் யார்?

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. அதை உருவாக்கியவர் பெயர் ஆனந்தம் சேவியர். பெயரை இன்னொரு முறை படியுங்கள். பிலேம் நெகாராவில் அரங்க அமைப்புக் கலைஞராக இருந்தவர். 1946-இல் மலாயன் பிலிம் யூனிட்டாகத் தொடங்கி, பிறகு பெயர் மாறி, பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்த அரசாங்கப் படப்பிடிப்பு நிறுவனம் அது. படம் 1978-இல் முடிந்தது. மக்கள் பார்வைக்கு வந்தது 1983-இல்.

கணினி இல்லாத காலம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 12 ஓவியம், நிமிடத்துக்கு 720. சருகுமான் தலையைத் திருப்பி வாயைத் திறந்து ஒரு பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மனிதனின் கையும் கண்ணும் நாள்கணக்கில் உழைத்திருக்கும். ஒவ்வொரு படத்தையும் வரைந்து, கண்ணாடித் தாளில் நகலெடுத்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே வைத்து எடுக்க வேண்டும். இதில் கெட்டிக்காரத்தனம் காட்ட வழியே இல்லை, பொறுமை ஒன்றுதான் வழி.

அதன் பிறகு அதே நிறுவனத்திலிருந்து வரிசையாக மிருகங்கள் வந்தன. 1984-இல் சாங் கஞ்சிலும் குரங்கும், 1985-இல் புத்திசாலிக் காகம், 1986-இல் 'ஆர்னாப் யாங் சொம்போங்', அதாவது அகந்தை பிடித்த முயல், 1987-இல் சாங் கஞ்சிலும் முதலையும். தலைப்புகளைப் பாருங்கள். நம் நாட்டு அனிமேஷன் தொடங்கியதே வாய் பெரிய மிருகங்களோடுதான்.

அந்த வாயை முதலில் வரைந்தவரின் பெயர் நம் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. எனக்கும் பல்கலைக்கழகம் போன பிறகு ஒரு மலாய்க் கட்டுரையில்தான் கண்ணில் பட்டது. நம் மேடைகளில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறோம். எந்த நடிகர் எந்தத் தோட்டத்துக்கு வந்துபோனார் என்பதைத் தேதியோடு சொல்லும் ஆட்கள் நம்மிடம் உண்டு. ஆனந்தம் சேவியரைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் தேடினேன், சிக்கவில்லை. அளக்கும் மிருகத்தைப் படைத்தவர் தன்னைப் பற்றி அளக்கவில்லை. அவருக்காக அளக்க வேண்டிய நாமும் சும்மா இருந்துவிட்டோம்.

*

இப்போது ராஜூவிடம் வரலாம்.

'உப்பின் இப்பின்' 2007 நோன்பு மாதத்தில் டிவி9-இல் ஆறு சின்னப் பகுதிகளாகத் தொடங்கியது. உருவாக்கியது லெஸ் கோபாக் நிறுவனம். இடம் ஷா ஆலம். 2009 பிப்ரவரியில் அவர்களுடைய முழுநீளப் படம் 'கெங்' வந்தது. நாட்டின் முதல் முப்பரிமாண அனிமேஷன் படம் அதுதான். அதில் வரும் ராஜூவுக்கு ஒரு திறமை உண்டு. மிருகங்களோடு பேசுவான். தொடரில் அவனுக்குச் சாப்பி என்று ஒரு மாடு. சாப்பி என்ற சொல்லுக்கே மாடு என்றுதான் பொருள். பெயரில்கூட அது மாடுதான்.

மாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எளிய வரலாற்றுப் பதில் உண்டு. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இரயில் ஓடத் தொடங்கும் வரை நிலத்தில் சுமை என்றால் மாட்டு வண்டிதான். செங்கல் சூளைகளால் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்ற இடத்திலும் அப்படித்தான். வண்டியோட்டிகளில் நம் ஆட்கள் நிறையப் பேர். தோட்டங்களில் சம்பளம் போதாதவர்கள் லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருந்தார்கள். எங்கள் பாட்டியும் வைத்திருந்தாள். பால் விற்ற காசில்தான் அப்பா பரீட்சைக் கட்டணம் கட்டினார்.

ஷா ஆலம் இன்று மாநிலத் தலைநகரம். அதற்கு முன்பு அது சுங்கை ரெங்கம், ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டப் பூமி. கோலாலம்பூரை 1974-இல் கூட்டரசுப் பிரதேசமாகக் கொடுத்துவிட்ட சிலாங்கூர், 1978-இல் ஷா ஆலத்தைத் தலைநகராக்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இதுதான் நடந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மனிதர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். ஐந்தாவது மாடிக்கு மாட்டைக் கொண்டுபோக முடியாது. எங்கள் பாட்டி தன் மாட்டை விற்ற நாளில் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள்.

ஆகவே ராஜூவின் மாடு வானத்திலிருந்து விழவில்லை. ஷா ஆலத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பத்தை நினைவிலிருந்து கட்டியெழுப்பிய இளைஞர்களின் நினைவில் தமிழனோடு மாடும் சேர்ந்தே இருந்திருக்கிறது. அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அன்புகூட இருக்கிறது. ஆனால் நினைவு ஓரிடத்தில் உறைந்துவிட்டால் அது முத்திரையாகிவிடும். கிள்ளான் அடுக்குமாடியில் வளரும் பிள்ளை மாட்டைத் தொட்டதுகூட இல்லை. அவனுக்குத் திடலில் மாட்டுச் சத்தம் கிடைக்கிறது.

அதே 2009-இல் அதே ஷா ஆலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆகஸ்டு 28, வெள்ளிக்கிழமை. செக்‌ஷன் 19-இல் இருந்த மாரியம்மன் கோயிலை செக்‌ஷன் 23-க்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்துச் சிலர் மாநிலச் செயலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். வெட்டிய மாட்டுத் தலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னர் வழக்கும் நடந்தது. நான் இதையும் கார்ட்டூனையும் முடிச்சுப் போடவில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. பிப்ரவரியில் திரையரங்கில் தமிழ்ப் பையன் மிருகங்களோடு சிரித்துப் பேசினான், ஆகஸ்டில் வீதியில் மாட்டுத் தலை வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இந்த நாட்டில் மாடு வெறும் மாடாக இருப்பது கஷ்டம். ஏழு வயதுப் பையன் அதைத்தான் மோப்பம் பிடித்திருக்கிறான்.

'கெங்' படத்துக்குப் பிறகு லெஸ் கோபாக்கிலிருந்து பிரிந்தவர்கள் அனிமோன்ஸ்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011-இல் அவர்களுடைய 'போபோய்போய்' வந்தது. அதில் நாயகனின் கூட்டாளி கோபால். பேச்சில் 'டேய்' வரும். வீட்டில் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுவான். பயந்தாங்கொள்ளி, தின்னி, ஆனால் பொருள்களை உணவாக மாற்றும் சக்தி அவனுக்கு வாய்க்கிறது. கழுதையும் கிளியும் செய்துவந்த வேலையை இங்கே ஒரு தமிழ்ப் பையன் செய்கிறான். பயப்படுகிறான், அளக்கிறான், சிரிக்க வைக்கிறான். இதில் இழுக்கு என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ராஜூவைவிட கோபாலுக்கு வாய் இருக்கிறது. ஆனாலும் தொடரின் பெயர் அவன் பெயர் இல்லை.

*

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ராஜூவை நான் தவறாகப் பார்த்துவந்தது உறைத்தது.

ராஜூ மாட்டுக்காரன் என்றே நினைத்திருந்தேன். அவன் மொழிபெயர்ப்பாளன். அந்தக் கம்பத்தில் மிருகங்களின் பேச்சு அவன் ஒருவனுக்குத்தான் புரியும். சேவல் கூவுவது மற்றவர்களுக்குச் சத்தம். அது தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது ராஜூ சொன்னால்தான் உண்டு. சிங்கம் பயந்த சத்தத்தின் பொருளைப் போய்க் கேட்டு வந்த தமனகனின் இடம் அது. மலாக்காவில் தமிழ்க் கதையை மலாயில் எழுதிய அப்துல்லாவின் இடம். பெட்டாலிங் ஜெயாவில் மலாய்ச் சருகுமானுக்கு அசைவு கொடுத்த ஆனந்தம் சேவியரின் இடம். நடுவில் நிற்பவன் கீழே நிற்பவன் இல்லை. அவன் வாயைத் திறந்து தன் கதையைச் சொல்லாத வரை அப்படித் தெரியும், அவ்வளவுதான். அப்துல்லா திறந்தார். மற்ற இருவருக்காகவும் யாராவது திறக்க வேண்டும்.

மறுநாள் மருமகனிடம் சுருக்கமாகச் சொன்னேன். "ராஜூக்கு மட்டும்தான்டா மிருகம் பேசுறது புரியும். மத்தவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"அதனால?"

"அந்தப் பையன் மாடு மாதிரி கத்துனா, என்ன சொல்றான்னு உனக்குத்தான் புரியும். நீ மொழிபெயர்த்துச் சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அவன் 'நான் ஒரு மக்கு'ன்னு சொல்றான்னு சொல்லவா?"

நல்ல மொழிபெயர்ப்பு இல்லைதான். இருந்தாலும் தலையாட்டினேன். அக்கா முறைத்தாள்.

பிறகு ஆனந்தம் சேவியர் கதையைச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு 720 படம் என்றதும் கண்ணை விரித்தான். கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் சருகுமான் ஒன்றை வரைய ஆரம்பித்தான். பக்கம் பக்கமாக, கால் கொஞ்சம் கொஞ்சமாக நகர, பதினொரு பக்கம் வரைக்கும் வந்தது. விரலால் பக்கங்களைப் படபடவென்று விட்டால் மான் ஒரு தடவை தாவியது. முதலையை வரைய நேரமில்லையாம், வெறும் கோடுதான்.

கடைசிப் பக்கத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். மானைவிடப் பெரிய எழுத்தில், சிவப்புக் கலரில், கீழே இரண்டு கோடு வேறு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஆசிரியர் திட்டுவார் என்று அக்கா சத்தம் போட்டாள்.

நான் அந்தப் பக்கத்தை ஹேண்ட்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.